சுவருக்குள் போகிற வயருக்கு ஆள் தேடும்போது

பூச்சு வேலை முடிந்த மறுநாள் உங்கள் வீட்டு வயரிங்கை யாராலும் பார்க்க முடியாது. தளம் ஒழுகினால் முதல் மழையில் தெரிந்துவிடும். கதவு சரியாகச் செய்யவில்லை என்றால் இழுத்து மூடும்போது தெரியும். வயரிங்கில் இருக்கும் குறை அப்படி உடனே தெரியாது. பல வருடம் சத்தமில்லாமல் கிடந்துவிட்டு, ஈரக்கையோடு யாரோ கீசர் சுவிட்சைத் தொடும்போது வெளியே வரும்.

மின் மேற்பார்வையாளர் சான்றிதழோடு மதுரைப் பக்கம் வீட்டு வயரிங் செய்து, இப்போது வேலையைப் பிள்ளைகளிடம் விட்டிருக்கிறேன். முதல் வீடு கட்டுகிறவர்கள் வந்து எந்த வயர் நல்லது, எந்த சுவிட்ச் நல்லது என்று கேட்கிறார்கள். வேலையை யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால் பலருக்கும் பதில் இல்லை. அதற்குத்தான் இந்த அறிவுரைகள்.

1. உரிமம் எதற்கென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பல்பு மாற்றுவது, ஃபேன் மாற்றுவது, ஃபியூஸ் போடுவது, பழுதான சுவிட்சை எடுத்துவிட்டு அதேபோல் வேறொன்று போடுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு உரிமம் வேண்டாம். அதற்கு மேல் புதிய வயரிங் செய்தாலும், இருப்பதை மாற்றினாலும், கூடுதல் பாயின்ட் இழுத்தாலும், மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் அதைச் செய்யவேண்டும். தகுதிச் சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளர் நேரடியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இது உண்டு. பிறகு வந்த மத்திய மின்சார ஆணையத்தின் 2010, 2023 ஒழுங்குமுறைகளும் இதையே சொல்கின்றன.

தமிழ்நாட்டில் இந்த உரிமங்களைக் கொடுப்பது சென்னை கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம். மேற்பார்வையாளருக்கு ‘சி’, வயர்மேனுக்கு ‘பி’, வயர்மேன் உதவியாளருக்கு ‘எச்’ என்று சான்றிதழ்கள் உண்டு. இவை தனி மனிதரின் தகுதியைச் சொல்பவை. வேலையை ஒப்பந்தமாக எடுக்கிறவருக்கு ஒப்பந்ததாரர் உரிமம் தனியாக வேண்டும். ‘லைசென்ஸ் இருக்கு’ என்று ஒருவர் சொன்னால், இவற்றில் எது என்று கேளுங்கள்.

2. அட்டையைக் கேட்டுப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள்

தெரிந்தவர் கூட்டி வந்த ஆள், சொந்த ஊர்க்காரர், சொந்தக்காரர் என்றால் கேட்க நம் ஆட்களுக்கு வாய் வராது. “அண்ணே, உங்க லைசென்ஸ் நகல் ஒண்ணு வேணும், வீட்டு ஃபைல்ல வைக்கணும்” என்று கேளுங்கள். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. முறையாக வேலை செய்கிறவருக்குக் கோபம் வராது. கேட்டதில் மதிப்புத்தான் கூடும்.

வாங்கியதும் பெயர், படம், உரிம எண், செல்லுபடியாகும் தேதி ஆகிய நான்கையும் பாருங்கள். சான்றிதழ்களைப் புதுப்பிக்க வேண்டும். காலாவதியான அட்டையைக் காட்டினால் அதைப் புதுப்பித்து எடுத்துவரச் சொல்லுங்கள். அடுத்து, தினமும் வீட்டில் நிற்கப்போவது யார் என்று கேளுங்கள். ஒப்பந்ததாரர் பத்து இடத்தில் வேலை எடுத்திருப்பார், வருவது பையன்களாக இருக்கும். பையன்கள் வருவதில் தவறில்லை. எல்லாரும் அப்படித்தான் தொழில் கற்றுக்கொள்கிறோம். ஆனால் அவர்களோடு சான்றிதழ் உள்ள ஒரு வயர்மேன் இருக்கவேண்டும். மேற்பார்வையாளர் எந்தெந்தக் கட்டத்தில் வந்து பார்ப்பார் என்பதையும் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

3. கையெழுத்தை மட்டும் விலைக்கு வாங்காதீர்கள்

இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வயரிங் முடிந்ததாகவும் சோதித்துப் பார்த்ததாகவும் உரிமம் உள்ள ஒப்பந்ததாரர் கொடுக்கும் அறிக்கை, மின் இணைப்புக்கான காகிதங்களில் ஒன்று. பல இடங்களில் வேலையை ஒருவர் செய்கிறார், கையெழுத்தை இன்னொருவர் போடுகிறார். கையெழுத்துப் போட்டவர் அந்த வீட்டு வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார். சில ஆயிரம் ரூபாய்க்குக் காரியம் முடிந்துவிடும், இணைப்பும் கிடைத்துவிடும்.

அந்தத் தாளில் எர்த் எவ்வளவு ஓம், இன்சுலேஷன் எவ்வளவு என்று எண்கள் எழுதியிருக்கும். அளந்து எழுதினால் அவை உங்கள் வீட்டைப் பற்றிய உண்மைகள். அளக்காமல் எழுதினால், பின்னால் யார் வந்து பழுது பார்த்தாலும் அந்தப் பொய்யை நம்பித்தான் தொடங்குவார். வேலை செய்தவரே கையெழுத்துப் போடட்டும். அவருக்கு உரிமம் இல்லையென்றால், உரிமம் உள்ளவரின் கீழ் அவர் வேலை செய்யட்டும். தொடக்கத்திலிருந்தே அப்படி ஏற்பாடு செய்யுங்கள்.

4. தளம் போடும் முன்பே ஆளைப் பிடியுங்கள்

சுவர் எழும்பிய பிறகு எலக்ட்ரீஷியனைத் தேடுகிறவர்கள் அதிகம். தளத்தில் கம்பி கட்டி முடித்து கான்கிரீட் போடுவதற்கு முன் பைப்பும் ஃபேன் பாக்ஸும் உட்காரவேண்டும். அந்த நாளுக்குள் எந்த அறையில் என்னென்ன வரும் என்று முடிவாகியிருக்க வேண்டும்.

ஒரு தாளில் வீட்டுக்கு வரப்போகிற சாதனங்களை எல்லாம் எழுதுங்கள். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் அவ்வளவே. ஒன்றரை டன் ஏ.சி. சுமார் 1,500 வாட். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 24 ஆம்பியர் வரை போகும். கிரைண்டர், வாஷிங் மெஷின், போர்வெல் மோட்டார், இன்வெர்ட்டர், நாளைக்கு வாங்கப்போகிற மின்சார ஸ்கூட்டர் என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். இந்தப் பட்டியலைப் பார்த்து எத்தனை சர்க்யூட், ஒரு ஃபேஸா மூன்று ஃபேஸா, மின்வாரியத்திடம் எவ்வளவு லோடு கேட்பது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறவர்தான் உங்களுக்குத் தேவை. பட்டியலை வாங்கிப் படிக்காமலே ‘எல்லாம் பாத்துக்கலாம் சார்’ என்று சொல்கிறவரிடம் இரண்டாம் முறை யோசித்துவிட்டுப் பேசுங்கள்.

5. பேசியதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

நம் ஊரில் கூலியைப் பாயின்ட் கணக்கிலோ சதுர அடிக் கணக்கிலோ பேசுவார்கள். எது ஒரு பாயின்ட் என்பதில்தான் சண்டை வரும். ஒரு விளக்கு ஒரு பாயின்ட். மாடிப்படியில் மேலும் கீழும் சுவிட்ச் வைக்கும் டூ-வே எத்தனை பாயின்ட்? பவர் பிளக்குக்கு என்ன ரேட்? ஏ.சி. லைன், டி.பி. (மின் பகிர்வு) பாக்ஸ், எர்த் குழி, மெயின் போர்டு எல்லாம் சேர்த்தா, தனியா? சுவரில் காடி எடுப்பதும் அதைப் பூசி அடைப்பதும் யார் பொறுப்பு? இவை அத்தனையும் ஒரு பக்கத் தாளில் அடங்கிவிடும். இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தையும் வேலையின் படிகளோடு பிரித்துக்கொள்ளுங்கள். பைப் போட்டதும் ஒரு பங்கு, வயர் இழுத்ததும் ஒரு பங்கு, சுவிட்ச் மாட்டியதும் ஒரு பங்கு. கடைசிப் பங்கு சோதனை முடிந்து அறிக்கை கைக்கு வந்த பிறகு. அந்தந்தப் படி முடிந்த அன்றே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். கூலியை இழுத்தடிக்கிற வீட்டில் நல்ல வேலைக்காரர் தங்கமாட்டார்.

6. கூலியைக் குறைத்தால் வேறு வழியில் போய்விடும்

மூன்று பேரிடம் விலை கேளுங்கள், தவறில்லை. ஆனால் மிகக் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்கிறவருக்கும் வீடு, வாசல், பிள்ளை படிப்பு உண்டு. அந்தக் குறையை எங்கேயோ ஈடுகட்டத்தான் செய்வார். கடைக் கமிஷனில், மெல்லிய பைப்பில், கணக்கில் எழுதிய வயருக்கும் சுவருக்குள் போன வயருக்கும் உள்ள வித்தியாசத்தில் அது வெளியே போகும்.

நியாயமான கூலி கொடுங்கள். சரக்கை நீங்களே பில்லோடு வாங்குங்கள். வயர் சுருளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். 694 என்ற எண், பருமன், நீளம் எல்லாம் அச்சாகியிருக்கும். வீட்டு வயர் பெரும்பாலும் 90 மீட்டர் சுருளாக வரும். சுருளின் நுனியைச் சீவி, ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது, கடைக்கே திருப்பி அனுப்புங்கள்.

7. வயரின் பருமனையும் நிறத்தையும் நீங்களே பார்க்கலாம்

இதற்குப் படிப்பு வேண்டாம். விளக்கு, ஃபேன் லைனுக்கு 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர் பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி., கீசர் போன்ற பெரிய சுமைக்கு 4 என்பது வீடுகளில் பொதுவான நடைமுறை. விளக்குச் சர்க்யூட் ஒன்றில் பத்துப் பாயின்ட்டுக்கு மேல், 800 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. பவர் பிளக் சர்க்யூட் ஒன்றில் இரண்டு பிளக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கீசருக்கும் ஏ.சி.க்கும் தனித்தனி லைன் வேண்டும்.

நிறத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ‘சிவப்பு தீந்துபோச்சு, பச்சையை இழுத்துட்டேன்’ என்ற பேச்சை ஏற்காதீர்கள். பச்சை என்றால் தொடலாம் என்று நம்பித்தான் அடுத்து வரும் எலக்ட்ரீஷியன் கை வைப்பார்.

இன்னொன்று. எம்.சி.பி. (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே விழும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது என்று சொன்னால், 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதன்பின் எம்.சி.பி. விழாது, சுவருக்குள் இருக்கும் வயர் சூடாகும். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. வயர் தாங்குகிற அளவுக்கு மேல் அது இருக்கக்கூடாது.

8. எர்த் குழி வெட்டும்போது வீட்டில் இருங்கள்

நம் வீடுகளில் அதிகம் ஏமாற்றப்படும் இடம் இதுதான். ஒரு முழக் கம்பியை மண்ணில் அடித்து, மேலே சிமெண்ட் பூசி மூடினால், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அதுவும் எர்த்தான். ஐ.எஸ். 3043 சொல்லும் முறையில் பைப் எர்த் என்றால் 2.5 மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. பைப். அதைச் சுற்றிக் கரியும் உப்பும் அடுக்கி, மேலே தண்ணீர் ஊற்றப் புனலும் மூடியும் வைப்பார்கள். குழி வெட்டும்போது ஆழத்தைப் பாருங்கள், பைப்பை இறக்கும்போது படம் எடுங்கள். கோடையில் மண் காய்ந்தால் எர்த்தின் தடை ஏறும். சித்திரை, வைகாசியில் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்கள்.

எர்த் வயர் ஒவ்வொரு பிளக்கின் மூன்றாவது துளை வரைக்கும் வரவேண்டும். கீசர், ஃபிரிட்ஜ், கிரைண்டர், மோட்டார் என்று உலோக உடம்புள்ள எதையும் எர்த் இல்லாமல் ஓட்டக்கூடாது. பிளக்கில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டு ‘எர்த் கொடுத்தாச்சு’ என்பவர்களும் உண்டு. அந்த வீட்டில் நியூட்ரல் அறுந்த நிமிஷம் ஃபிரிட்ஜின் கதவிலேயே 230 வோல்ட் வந்து நிற்கும்.

9. ஆர்.சி.சி.பி. இல்லாமல் வீட்டுக்குள் குடிபோகாதீர்கள்

எம்.சி.பி. இருக்கிறதே, ஷாக் அடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் வேறு வேறு வேலை செய்கிறவை. 6 ஆம்பியர் எம்.சி.பி. விழ 6 ஆம்பியருக்கு மேல் ஓடவேண்டும். மனித உடம்பைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கே போதும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போகிற மின்சாரமும் நியூட்ரலில் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில், ஒருவேளை ஒரு குழந்தையின் உடம்பு வழியாக மண்ணுக்குப் போனால், 0.3 விநாடிக்குள் துண்டித்துவிடும்.

எர்த் மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். எர்த்தின் தடை 5 ஓம் என்று வையுங்கள். கசிவு ஏற்பட்டால் 230ஐ 5ஆல் வகுத்து, அதிகபட்சம் 46 ஆம்பியர் ஓடும். ‘சி’ வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. கண்ணிமைக்கும் நேரத்தில் விழ 80 ஆம்பியராவது வேண்டும். அது சூடேறி விழும்வரை கீசரின் உடம்பு மின்சாரத்தோடு இருக்கும். அதனால்தான் எர்த்தும் வேண்டும், ஆர்.சி.சி.பி.யும் வேண்டும், எம்.சி.பி.யும் வேண்டும். ஃபேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையால் ஒருசேரப் பிடித்தவரை ஆர்.சி.சி.பி.யாலும் காப்பாற்ற முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மழைக்காலத்தில் ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருந்தால், அதைத் தாண்டி ‘டைரக்ட்’ கொடுக்கச் சொல்லாதீர்கள். எங்கோ கசிகிறது என்று அது சொல்கிறது. எந்த சர்க்யூட் என்று ஒவ்வொன்றாக நிறுத்திக் கண்டுபிடிப்பதுதான் எலக்ட்ரீஷியனின் வேலை. ஆர்.சி.சி.பி.யின் மேல் ‘T’ என்று எழுதிய பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள்; உடனே விழவேண்டும். விழாவிட்டால் மாற்றுங்கள்.

10. நியூட்ரலை மதிக்கிறவரைத் தேர்ந்தெடுங்கள்

ஃபேஸுக்கு எல்லாரும் பயப்படுகிறார்கள், நியூட்ரலை யாரும் கண்டுகொள்வதில்லை. மூன்று ஃபேஸ் வீட்டில் மெயின் நியூட்ரல் கழன்றால், சுமை குறைவாக உள்ள ஃபேஸில் 230க்குப் பதில் 400 வோல்ட் வரை ஏறலாம். டி.வி., ஃபிரிட்ஜ், எல்.இ.டி. பல்புகள் சில நிமிடத்தில் போய்விடும்.

இப்படி ஒரு வீட்டுக்குப் போனபோது, டி.பி. பாக்ஸைத் திறந்தவுடனே தெரிந்தது. நியூட்ரல் பட்டையில் ஒரு திருகைச் சுற்றி மட்டும் பித்தளை கறுத்திருந்தது. அதில் ஏறிய வயரின் மேல்தோல் விரலளவு சுருங்கிப் பின்வாங்கியிருந்தது. எரிந்த பிளாஸ்டிக் மீன் கவிச்சி போல் நாறியது. ஸ்க்ரூடிரைவரை வைத்ததும் திருகு ஒரு சுற்றுக்கு மேல் உள்ளே போனது. அவ்வளவு தளர்ச்சி. முறுக்கவேண்டிய அளவுக்கு மாட்டிய அன்றே முறுக்கியிருந்தால் அந்த வீட்டில் ஒரு சாதனமும் போயிருக்காது.

ஒரு ஃபேஸ் வீட்டில் விளக்கு எரியவில்லை, ஆனால் பிளக்கின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிகிறது என்றால், நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். அப்போது மெயினை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பழைய வீடுகளில் நியூட்ரலுக்கும் பீஸ் கட்டை (ஃபியூஸ்) வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச் போடச் சொல்லுங்கள்.

11. பூசும் முன் படம் எடுங்கள்

பைப் போட்டு முடித்ததும், மேஸ்திரி பூச வருவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்துப் படம் எடுங்கள். தரையிலிருந்து எவ்வளவு உயரம், மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரியவேண்டும். ஐந்து வருடம் கழித்து ஷெல்ஃப் மாட்ட டிரில் போடும்போது அந்தப் படம் உயிரைக் காக்கும். பைப்புக்குள் வயர் ஜாயின்ட் இருக்கக்கூடாது என்று முன்னமே சொல்லிவிடுங்கள். ஜாயின்ட் எல்லாம் திறந்து பார்க்கக்கூடிய பாக்ஸுக்குள்தான் இருக்கவேண்டும்.

வேலை முடிந்ததும், எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று தமிழில் எழுதி டி.பி. கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களும் பிள்ளைகளும் அதைப் படித்து மெயினை நிறுத்தப் பழகட்டும்.

12. மெகர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்

கரண்ட் கொடுத்துப் பார்த்து விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களிடம் கையை எடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அப்படி விட்டுவிடாதீர்கள். சப்ளை கொடுக்கும் முன் பல்பு, சாதனம் எதுவும் மாட்டாமல் 500 வோல்ட் மெகரால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே இன்சுலேஷனை அளக்கவேண்டும். 1 மெகா ஓமுக்குக் குறையக்கூடாது. புது வயரிங் இதைவிடப் பல மடங்கு காட்டும். 1ஐ ஒட்டி நின்றால் எங்கோ வயர் கிழிந்திருக்கிறது அல்லது பைப்புக்குள் தண்ணீர் இருக்கிறது.

பிறகு எர்த் மெகரால் எர்த்தின் தடை. பிறகு ஒவ்வொரு சுவிட்சும் ஃபேஸைத்தான் துண்டிக்கிறதா என்ற சோதனை. சுவிட்ச் நியூட்ரலில் விழுந்திருந்தால் விளக்கு அணையும், ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். பல்பு மாற்றுகிறவருக்கு அது தெரியாது. இந்த மூன்று சோதனைக்கும் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். மெகரே இல்லாமல் தொழில் செய்கிறவர் உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

13. லைனில் வேலை செய்யச் சொல்லாதீர்கள்

‘சீரியல் ஓடுது, மெயினை நிறுத்தாம செய்யுங்க’ என்று கேட்கிற வீடுகள் இருக்கின்றன. அந்த மனிதரும் மாலையில் வீட்டுக்குப் போகவேண்டியவர். பழைய வயர்மேன்கள் பீஸ் கட்டையைப் பிடுங்கித் தங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஏணியில் ஏறுவார்கள். கட்டை அவர் பையில் இருக்கும்வரை வேறு யாரும் கரண்ட் கொடுக்க முடியாது. இன்று எம்.சி.பி. இருக்கும் இடத்தில் அதை நிறுத்தி, பூட்டியோ ஒரு ஆளை நிறுத்தியோ அதே பாதுகாப்பைக் கொடுங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் மெயினை நிறுத்தினாலும் விளக்கு லைனில் மின்சாரம் இருக்கும். வேலை தொடங்கும் முன் அதையும் நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். மாடியில் சோலார் பலகை இருந்தால், வெயில் அடிக்கும்வரை அதிலிருந்து வரும் டி.சி. வயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். அந்த வேலை தெரிந்தவர் மட்டும் அதில் கை வைக்கட்டும்.

14. கட்டும்போதே பாதுகாப்பு தொடங்கட்டும்

வீடு முடியும்வரை வரும் தற்காலிக இணைப்பை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஈரத்தரையில் ஒட்டுப்போட்ட வயர், பிளக் இல்லாமல் துளைக்குள் சொருகிய நுனி, அதில் ஓடும் மோட்டாரும் கலவை மெஷினும். தண்ணீர் விட்டுக் கட்டிடத்தை நனைக்கிற சித்தாளும் கொத்தனாரும் வெறுங்காலோடு அதைத் தாண்டி நடக்கிறார்கள். தற்காலிக போர்டிலேயே ஆர்.சி.சி.பி.யும் எர்த்தும் இருக்கவேண்டும். இதற்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். உங்கள் வீட்டுக்காக உழைக்க வந்தவர்களின் உயிர் அது.

வீட்டுப் பக்கத்தில் மின்கம்பி போனால், சாதாரண தாழ்வழுத்தக் கம்பியிலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டரும் செங்குத்தாக 2.5 மீட்டரும் இடைவெளி வேண்டும். 11 கே.வி. கம்பி என்றால் செங்குத்தாக 3.7 மீட்டர். பால்கனி இழுக்கும் முன் இதைப் பாருங்கள்.

15. மீட்டருக்கு அந்தப் பக்கம் மின்வாரியத்தின் வேலை

கம்பத்திலிருந்து மீட்டர் வரை மின்வாரியம் பார்க்கும். மீட்டருக்கு இந்தப் பக்கம் நம் பொறுப்பு. உங்கள் எலக்ட்ரீஷியன் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் கம்பத்தில் ஏறக்கூடாது, மீட்டர் சீலை உடைக்கக்கூடாது. கம்பம், சர்வீஸ் வயர், வோல்டேஜ் பிரச்சினை என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லலாம்.

16. பழைய வீடும் வாடகை வீடும்

குடிபோகும் முன் ஒரு வயர்மேனைக் கூட்டிப்போய், எர்த் இருக்கிறதா, ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, பீஸ் கட்டையில் ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்பு இழை சுற்றியிருக்கிறதா என்று மட்டுமாவது பாருங்கள். பின்கள் பழுப்பேறிய பிளக், தொட்டால் சூடாக இருக்கும் சுவிட்ச், லேசாக ‘சுர்’ரென்று இழுக்கும் குழாய் எதையும் ‘அது எப்பவும் அப்படித்தான்’ என்று விடாதீர்கள். வீட்டுக்காரர் செய்துதரத் தயங்கினால், ஆர்.சி.சி.பி.யையாவது உங்கள் காசில் போட்டுக்கொள்ளுங்கள்.

17. ஷாக் அடித்தவரைத் தொடாதீர்கள்

முதலில் மெயினை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகைமேல் நின்று, காய்ந்த கட்டையால் வயரை விலக்குங்கள். உடனே 108க்குச் சொல்லுங்கள். மூச்சு இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். வீட்டில் ஒருவராவது அதைக் கற்று வைத்திருங்கள். போர்டில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இத்தனையும் படித்துவிட்டு, நாமே எல்லாவற்றையும் கண்காணிக்க வேண்டுமா என்று மலைக்காதீர்கள். படித்து, தேர்வு எழுதி, சான்றிதழ் வாங்கி, நேர்மையாக வேலை செய்கிற வயர்மேன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உரிமம் கேட்காமல் குறைந்த கூலிக்கு ஆள் தேடும் பழக்கத்தால் அவர்களில் பலர் வேலையில்லாமல் நிற்கிறார்கள். நீங்கள் அட்டையைக் கேட்டால், மெகரைக் கேட்டால், அதற்குரிய கூலியையும் மனமுவந்து கொடுத்தால், அப்படிப்பட்டவருக்கு வேலை கிடைக்கும். வேலை முடிந்த பிறகும் அவர் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், வருடம் ஒருமுறை கூப்பிட்டு டி.பி. பாக்ஸைத் திறந்து திருகுகளை முறுக்கி எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், அதற்குக் கூலியும் கொடுங்கள். தன் கையால் இழுத்த வயருக்குத் தானே பொறுப்பு என்று நிற்கிற ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், வீட்டைப் பற்றிய கவலையில் பாதி குறையும்.